சர்க்கரை நோயோடு இங்கிலாந்துக்கு வருகிறீர்களா? முதல் வாரத்திலிருந்து செய்ய வேண்டியவை

நான் திருச்சியிலிருந்து லண்டனுக்கு வந்தபோது எனக்குச் சர்க்கரை நோய் வந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. ஊரில் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. காலையில் வெறும் வயிற்றோடு லேபுக்குப் போனால் மதியம் ரிசல்ட், சாயங்காலம் டாக்டர், திரும்பும் வழியில் மருந்துக் கடை. இங்கே வந்த பிறகு வீடு தேடுவதிலும் வேலையிலும் நாட்கள் ஓடிவிட்டன. டப்பாவில் ஒன்பது நாளுக்கான மாத்திரைதான் மிச்சம் என்று பார்த்த அன்றுதான், அடுத்து யாரிடம் போவது என்றே எனக்குத் தெரியாது என்பது உறைத்தது. அந்த ஒன்பது நாள் பதற்றம் இன்னொருவருக்கு வேண்டாம். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இங்குள்ள அரசு மருத்துவ சேவையான என்.எச்.எஸ். 1948 ஜூலை 5 அன்று தொடங்கியது. பெரும்பாலும் வரிப்பணத்தில் நடக்கிறது. டாக்டரைப் பார்க்கவும் ரத்தப் பரிசோதனைக்கும் யாரும் பில் நீட்டுவதில்லை. சர்க்கரை நோயாளிக்கு இந்த அமைப்பு தரும் வசதிகள் நிறைய. ஆனால் புதிதாக வந்தவருக்கு அவை தாமாக வந்து சேர்வதில்லை. எந்த வாசலில் போய் எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். நான் சொல்வது பெரும்பாலும் இங்கிலாந்துக்குப் பொருந்தும்; ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றில் சில விதிகள் வேறு.

பெட்டி கட்டும்போது

பொடி, ஊறுகாய், குக்கர் எல்லாம் ஏறுவதற்கு முன்னால் மூன்று பொருள்களைக் கைப்பையில் வையுங்கள்: மூன்று மாதத்துக்கான மருந்து, கடந்த ஓராண்டின் பரிசோதனை முடிவுகள், உங்கள் டாக்டரிடம் கேட்டு வாங்கிய ஒரு பக்கக் கடிதம்.

மூன்று மாதம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்திய டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு இங்குள்ள மருந்துக் கடையில் செல்லாது. சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மின்கூட இங்கே சீட்டு இல்லாமல் கிடைக்காது. பதிவு செய்து, முதல் சந்திப்பு கிடைத்து, மருந்து உங்கள் பெயரில் ஏறுவதற்குச் சில வாரங்கள் ஆகிவிடலாம்.

கடிதத்தில் எந்த வகைச் சர்க்கரை நோய், எந்த வருடம் கண்டுபிடித்தார்கள், கண், சிறுநீரகம், கால் ஆகியவற்றில் பாதிப்பு உண்டா, எந்த மருந்து எத்தனை மில்லிகிராம் என்பதெல்லாம் இருக்க வேண்டும். மருந்தின் பெயரை பிராண்ட் பெயராக எழுதினால் இங்கே யாருக்கும் புரியாது. உள்ளே இருக்கும் மருந்தின் பொதுப் பெயரை எழுதச் சொல்லுங்கள். நம் ஊரில் ஒரே மாத்திரையில் இரண்டு மூன்று மருந்தைச் சேர்த்துத் தருவது வழக்கம். கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை இங்கே கிடையாது, தனித்தனியாகத்தான் தருவார்கள். டெனிலிகிளிப்டின், வாக்லிபோஸ் இரண்டும் இங்கே புழக்கத்திலேயே இல்லை. டெனிலிகிளிப்டினுக்குப் பதிலாக அதே வகையைச் சேர்ந்த சிட்டாகிளிப்டின் போன்ற ஒன்றைத் தரலாம். பெயர் மாறியதைக் கண்டு பயப்படாதீர்கள். ஏன் மாற்றுகிறார்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்சுலின் போடுபவர்கள் இந்தப் பத்தியை இரண்டு முறை படிக்க வேண்டும். இந்தியாவில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்கான ஊசிக்குச் சிவப்பு மூடி. இங்கே வழக்கமான இன்சுலின் ஒரு மில்லிக்கு 100 யூனிட். ஊரிலிருந்து கொண்டுவந்த சிவப்பு மூடி ஊசியால் இங்குள்ள இன்சுலினை எடுத்தால், அளவுகோடு சரியாக இருப்பது போலத் தோன்றும், ஆனால் உடம்புக்குள் போவது இரண்டரை மடங்கு. உயிருக்கே ஆபத்து. இங்கே பெரும்பாலும் பேனாவாகத் தருவார்கள். பேனா வந்த அன்றே பழைய ஊசிகளை ஒதுக்கிவிடுங்கள்.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட விசாவில் வருபவர்கள் பெரும்பாலோர் விசாவோடு சேர்த்தே மருத்துவக் கட்டணம் கட்டிவிடுகிறார்கள். 2024 பிப்ரவரி முதல் அது ஆண்டுக்கு 1,035 பவுண்டு. மாணவர்களுக்கும் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் 776 பவுண்டு. செவிலியர் போன்றவர்கள் வரும் மருத்துவப் பணி விசாவுக்கு இந்தக் கட்டணம் இல்லை. அகதி விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளவர்களுக்கும் சிகிச்சை இலவசம். எனவே சர்ஜரிக்குப் போகத் தயங்க வேண்டியதே இல்லை. நீங்கள் ஏற்கெனவே கட்டியதற்கோ, சட்டப்படி உரியதற்கோதான் போகிறீர்கள்.

முதல் வாரம்: ஜி.பி.யிடம் பதிவு

ஜி.பி. என்பவர் உங்கள் பகுதியின் பொது மருத்துவர். இந்த அமைப்பில் அவர்தான் தலைவாசல். அவர் இருக்கும் இடத்தைச் "சர்ஜரி" என்பார்கள். ஆபரேஷனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, கிளினிக் என்று வைத்துக்கொள்ளுங்கள். நேராகச் சர்க்கரை நோய் நிபுணரிடம் போகும் வழக்கம் இங்கே இல்லை.

வீடு கிடைத்த வாரமே பதிவு செய்யுங்கள். உடம்புக்கு ஏதாவது வரட்டும், அப்புறம் பார்ப்போம் என்று விடாதீர்கள். என்.எச்.எஸ். இணையதளத்தில் உங்கள் போஸ்ட்கோடைக் கொடுத்தால் அருகிலுள்ள சர்ஜரிகளின் பட்டியல் வரும். பல இடங்களில் இணையத்திலேயே பதியலாம். காகிதப் படிவமும் உண்டு.

பதிவு செய்ய பாஸ்போர்ட், விசா, முகவரிச் சான்று எதுவும் கட்டாயம் இல்லை. இதை வரவேற்பில் இருப்பவர்களே சில சமயம் அறியாமல் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெண் வாடகை ஒப்பந்தம் தன் பெயரில் இல்லாததால் இரண்டு முறை திரும்பி வந்தார். அப்படி நடந்தால் கோபப்படாமல், "ஆவணம் இல்லை என்பதால் மறுக்கக் கூடாது என்பது என்.எச்.எஸ். விதி, மேலாளரிடம் கேட்டுச் சொல்ல முடியுமா?" என்று கேளுங்கள். நீங்கள் அவர்கள் எல்லைக்கு வெளியே வசிக்கிறீர்கள் என்றாலோ, புதியவர்களைச் சேர்ப்பதை நிறுத்தியிருக்கிறார்கள் என்றாலோ மட்டும் வேறு சர்ஜரி தேடலாம்.

படிவத்தில் நீண்டகால நோய் பற்றிக் கேட்கும் இடத்தில் சர்க்கரை நோயைத் தவறாமல் குறிப்பிடுங்கள். மொழி பற்றிக் கேட்கும் இடத்தில் தமிழ் வேண்டுமானால் தமிழ் என்றே எழுதுங்கள். மொழிபெயர்ப்பாளரை அவர்களே இலவசமாக ஏற்பாடு செய்ய வேண்டும். அம்மாவுக்காகப் பத்து வயதுப் பிள்ளை மொழிபெயர்ப்பதைப் பல முறை பார்த்திருக்கிறேன். கிட்னி, கண் என்று பேசும்போது அந்தக் குழந்தையின் முகம் மாறும். அதைத் தவிர்க்க வழி இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது.

பதிவானதும் பத்து இலக்க என்.எச்.எஸ். எண் கிடைக்கும். உடனே கைபேசியில் என்.எச்.எஸ். செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள். ரத்தப் பரிசோதனை முடிவு, மருந்து கேட்பது எல்லாம் அதில்தான். வீடு மாறினால் சர்ஜரிக்குச் சொல்ல மறக்காதீர்கள். முதல் ஆண்டில் நாம் இரண்டு மூன்று வீடு மாறிவிடுகிறோம். கண் பரிசோதனைக் கடிதம் பழைய வீட்டு வாசலில் விழுந்து கிடக்கும்.

முதல் சந்திப்பு

சர்ஜரிக்குப் போன் செய்தால், என்ன விஷயம் என்று வரவேற்பாளர் கேட்பார். டாக்டரிடம் சொல்ல வேண்டியதை இவரிடம் ஏன் சொல்வது என்று நமக்குத் தோன்றும். டாக்டரா, நர்ஸா, மருந்தாளரா, யாரிடம் அனுப்புவது என்று முடிவு செய்யத்தான் கேட்கிறார். மூன்றே வாக்கியம் போதும்: எனக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது, இந்த நாட்டுக்குப் புதிது, என் மருந்து இத்தனை நாளில் தீர்ந்துவிடும். மூன்றாவது வாக்கியம்தான் வேலையை நகர்த்தும். காலை எட்டு மணிக்குப் போன் வரிசையில் நிற்க முடியாவிட்டால், சர்ஜரியின் இணையப் படிவம் வழியாகவும் இதையே எழுதி அனுப்பலாம்.

டாக்டரைப் பார்ப்பதற்குப் பொதுவாகப் பத்து நிமிடம்தான். கடிதத்தையும் மாத்திரை அட்டைகளையும் கையோடு கொண்டுபோங்கள். நான்கு விஷயங்களைக் கேட்டு வாங்குங்கள்: உங்கள் மருந்துகளை வழக்கமான மருந்துப் பட்டியலில் சேர்ப்பது, ரத்த, சிறுநீர்ப் பரிசோதனை, கண் பரிசோதனைத் திட்டத்துக்குப் பெயர் அனுப்புவது, மருந்துக் கட்டண விலக்குச் சான்றிதழ்.

இரண்டாம் வகைச் சர்க்கரை நோயைப் பெரும்பாலும் சர்ஜரியில் உள்ள நர்ஸ்தான் கவனித்துக்கொள்வார். ஊரில் நிபுணரைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது அலட்சியம் போலத் தெரியும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பிறகு பார்த்தால், ஊரில் ஐந்து நிமிடத்தில் சீட்டு எழுதி அனுப்பியவர்களைவிட, என் காலைத் தொட்டுப் பார்த்து, நான் என்ன சாப்பிடுகிறேன் என்று உட்கார்ந்து கேட்டவர் இந்த நர்ஸ்தான். முதல் வகைச் சர்க்கரை நோய், கர்ப்ப காலம், சிறுநீரகமோ பாதமோ கெட்டிருப்பது போன்ற நிலைகளில் மருத்துவமனை நிபுணரிடம் அனுப்புவார்கள். உங்களுக்கு அது பொருந்துமானால் முதல் சந்திப்பிலேயே கேளுங்கள்.

விலக்குச் சான்றிதழ்: இதைத் தள்ளிப்போடாதீர்கள்

இங்கிலாந்தில் மருந்துச் சீட்டில் உள்ள ஒவ்வொரு மருந்துக்கும் 9.90 பவுண்டு கட்ட வேண்டும். சர்க்கரைக்கு இரண்டு, பிரஷருக்கு ஒன்று, கொலஸ்ட்ராலுக்கு ஒன்று என்றால் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 40 பவுண்டு. ஆனால் மருந்தோ இன்சுலினோ எடுக்கும் சர்க்கரை நோயாளிகள் இந்தக் கட்டணத்தைக் கட்ட வேண்டியதில்லை. அதற்கு ஒரு சான்றிதழ் வேண்டும், அவ்வளவுதான். உணவுக் கட்டுப்பாட்டில் மட்டும் இருப்பவர்களுக்கு இது கிடைக்காது.

இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. எட்டு மாதம் காசு கொடுத்து மருந்து வாங்கினேன். ஒரு நாள் மருந்துக் கடையில் வரிசையில் நின்ற யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர், "உங்களுக்குச் சீனி வருத்தம் எண்டால் ஏன் காசு குடுக்கிறீங்கள்?" என்று கேட்டார். அப்போதுதான் தெரிந்தது.

எஃப்.பி.92ஏ என்ற விண்ணப்பத்தைச் சர்ஜரியில் கேளுங்கள். அவர்கள் உறுதி செய்து அனுப்புவார்கள். சான்றிதழ் ஐந்து ஆண்டு செல்லும். சர்க்கரை மருந்துக்கு மட்டும் என்றில்லாமல், உங்களுக்கு எழுதப்படும் எல்லா மருந்துக்கும் விலக்கு உண்டு. விண்ணப்பம் போய்ச் சேர்ந்த நாளுக்கு ஒரு மாதம் முன்னிருந்தே செல்லுபடியாகும்படி தருவார்கள். அதுவரை பணம் கட்டி வாங்க நேர்ந்தால், பணம் கட்டும்போதே எஃப்.பி.57 என்ற ரசீதைக் கேட்டு வாங்குங்கள். பிறகு கேட்டால் தரமாட்டார்கள். அந்த ரசீது இருந்தால் மூன்று மாதத்துக்குள் பணத்தைத் திரும்பப் பெறலாம்.

சான்றிதழ் வருவதற்கு முன்பே "எனக்கு விலக்கு உண்டு" என்று கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். பிறகு சரிபார்த்து 100 பவுண்டு வரை அபராதம் போடுவார்கள். ஐந்து ஆண்டு முடியும் தேதியையும் நாட்காட்டியில் குறித்து வையுங்கள். 60 வயது ஆனவர்களுக்கு இந்தச் சான்றிதழே தேவையில்லை, மருந்து இலவசம். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் எல்லோருக்குமே இலவசம்.

மருந்து வாங்கும் முறை

வழக்கமான மருந்து பொதுவாக 28 அல்லது 56 நாளுக்குத் தருவார்கள். தீர்வதற்குக் குறைந்தது ஒரு வாரம் முன்பே செயலியில் கேட்டுவிடுங்கள். சர்ஜரி ஒப்புதல் தர இரண்டு மூன்று வேலை நாள், மருந்துக் கடை எடுத்து வைக்க இன்னும் ஓரிரு நாள். டிசம்பர் கடைசியிலும் ஈஸ்டர் சமயத்திலும் விடுமுறை சேர்ந்து வரும் என்பதால் இன்னும் முன்கூட்டியே கேளுங்கள். என்.எச்.எஸ். வழியாக வாங்கத் தொடங்கிய பிறகு எப்போதாவது தீர்ந்துபோனால் உயிராபத்து இல்லாத மருத்துவ உதவிக்கான 111 என்ற எண்ணை அழைத்தால், அவசரத்துக்குச் சில நாள் மருந்து தர ஒரு கடையை ஏற்பாடு செய்ய முடியும்.

எண்கள் மாறும்

முதல் ரிசல்ட் செயலியில் வந்தபோது "53" என்று இருந்தது. எதில் 53 என்று புரியாமல் அன்று இரவு தூங்கவில்லை. ஊரில் மூன்று மாதச் சராசரியான எச்பிஏ1சியைச் சதவீதத்தில் சொல்வார்கள்; இங்கே வேறு அலகு. 53 என்றால் நம் ஊர்க் கணக்கில் 7 சதவீதம்.

மாற்றிப் பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. சதவீதத்திலிருந்து 2 கழியுங்கள். வந்ததிலிருந்து மறுபடி 2 கழியுங்கள். இரண்டு விடையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். 7 என்றால் 5, பிறகு 3, ஆக 53. 8 என்றால் 64. 9 என்றால் 75. 10 என்றால் 86. சர்க்கரை நோய் என்று சொல்லும் எல்லை 48, அதாவது 6.5 சதவீதம். 42 முதல் 47 வரை என்றால் சர்க்கரை நோய் வரும் ஆபத்தில் இருப்பவர் என்று தடுப்புத் திட்டத்துக்கு அனுப்புவார்கள்.

விரல் நுனியில் குத்திப் பார்க்கும் எண்ணும் வேறு. இங்குள்ள எண்ணை 18ஆல் பெருக்கினால் நம் ஊர் எண் கிடைக்கும். 7 என்றால் 126. 10 என்றால் 180. 4 என்றால் 72. ஊரிலிருந்து கொண்டுவந்த மீட்டரில் 110 என்று பார்த்துவிட்டு நர்ஸிடம் "நூற்றுப் பத்து" என்று சொன்னால் அவர் அரண்டுபோவார். எந்த அலகு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

உங்கள் எச்பிஏ1சி இலக்கு என்ன என்று கேளுங்கள். உணவுக் கட்டுப்பாடு, மெட்ஃபார்மின் அளவில் இருப்பவர்களுக்குப் பொதுவாக 48. சர்க்கரையை அதிகமாக இறக்கிவிடக்கூடிய மருந்து எடுப்பவர்களுக்கு 53. வயதானவர்களுக்கு இதைத் தளர்த்துவார்கள். எடையைப் பற்றிப் பேசும்போது தெற்காசியர்களுக்கு அளவுகோல் வேறு என்பதையும் நினைவில் வையுங்கள். மற்றவர்களுக்கு, உயரத்தோடு ஒப்பிட்டு எடையைக் காட்டும் பி.எம்.ஐ. 25 என்றால் அதிக எடை. நமக்கு 23லேயே தொடங்கிவிடுகிறது. ஒல்லியாகத்தானே இருக்கிறோம் என்று நாம் அசட்டையாக இருந்துவிடக் கூடாது.

ஆண்டுக்கு ஒரு முறை நடக்க வேண்டிய ஒன்பது

ஒவ்வோர் ஆண்டும் உங்களுக்குக் கிடைக்க வேண்டிய பரிசோதனைகள் இவை: எச்பிஏ1சி, ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனை, சிறுநீரில் புரதம், எடை, கால் பரிசோதனை, புகைப்பழக்கம் பற்றிய கேள்வி, கண்ணின் விழித்திரைப் படம். பல சர்ஜரிகளில் உங்கள் பிறந்த மாதத்தில் கூப்பிடுவார்கள். கூப்பிடாவிட்டால் நீங்களே கேளுங்கள். அது அவர்கள் செய்ய வேண்டிய வேலைதான், உபகாரம் கேட்பதாக நினைத்துக் கூச வேண்டாம்.

இந்த ஒன்பதில் அதிகம் விட்டுப்போவது சிறுநீர்ப் பரிசோதனை. காலையில் முதலில் வரும் சிறுநீரைச் சின்னக் குப்பியில் பிடித்துக் கொடுக்க வேண்டும். சங்கடப்பட்டுப் பலர் கொடுப்பதில்லை. சிறுநீரகம் கெடத் தொடங்குவதை வலியோ வீக்கமோ வருவதற்கு வெகு முன்பே காட்டிக்கொடுப்பது இதுதான். வேறு எதைத் தவறவிட்டாலும் இதைத் தவறவிடாதீர்கள்.

கண் படத்துக்குத் தனி அமைப்பிலிருந்து கடிதம் வரும். 12 வயதும் அதற்கு மேலும் ஆன எல்லாச் சர்க்கரை நோயாளிகளுக்கும் உண்டு. தொடர்ந்து இரண்டு முறை பாதிப்பு இல்லை என்று வந்தால் அடுத்து இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை அழைப்பார்கள். சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் பார்வை மங்கும். கார் ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், கூலிங் கிளாஸ் எடுத்துப்போங்கள். கண்ணாடிக் கடையில் செய்யும் பார்வைப் பரிசோதனை வேறு. சர்க்கரை நோயாளிகளுக்கு அதுவும் இலவசம், ஆனால் ஒன்று செய்தோம் என்று மற்றதை விட்டுவிடக் கூடாது.

காலுக்கு வருகிறேன். நர்ஸ் மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பார். வீட்டில் நாம் வெறுங்காலோடு நடப்பவர்கள். இங்கே குளிர் வேறு. உணர்ச்சி குறைந்த காலை ஹீட்டர் மேல் வைத்தோ, வெந்நீர்ப் பையை ஒற்றியோ கொப்புளம் வந்த பிறகுதான் சிலருக்குத் தெரிகிறது. காலில் உணர்ச்சி குறைவு என்று சொல்லியிருந்தால் சாக்ஸ் போடுங்கள், வெந்நீர்ப் பையைத் தொடாதீர்கள். தினமும் ராத்திரி பாதத்தின் அடியைப் பாருங்கள். புண், கொப்புளம், நிறமாற்றம், சூடு எது இருந்தாலும் மஞ்சள் வைத்துப் பார்ப்போம் என்று ஒரு நாளும் தாமதிக்காமல் அன்றே சர்ஜரியையோ 111ஐயோ அழையுங்கள்.

சர்க்கரை நோயாளிகளுக்கு ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் ஃப்ளூ தடுப்பூசி இலவசம். மெட்ஃபார்மினை நீண்ட காலம் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம். சைவம் சாப்பிடுபவர்கள் இதை நினைவூட்டிப் பரிசோதிக்கச் சொல்வது நல்லது.

வகுப்பும் சாப்பாடும்

புதிதாக நோய் கண்டறியப்பட்டவர்களுக்கு, நோயைக் கையாளக் கற்றுத்தரும் இலவச வகுப்பு உண்டு. இரண்டாம் வகைக்கு டெஸ்மண்ட், எக்ஸ்பெர்ட் என்ற வகுப்புகள். முதல் வகைக்கு டாஃப்னே. வேலை கெடும் என்று தவிர்க்காதீர்கள். அங்கே காட்டும் படங்களில் உருளைக்கிழங்கும் ரொட்டியும்தான் இருக்கும். அதனால் மூன்று நாள் நீங்கள் சாப்பிட்டதை அப்படியே எழுதிக்கொண்டு போங்கள். எத்தனை இட்லி, எத்தனை கரண்டி சோறு, டீயில் எத்தனை ஸ்பூன் சர்க்கரை என்று. "சோறு கொஞ்சம்தான்" என்று சொன்னால் அவர்களுக்கு விளங்காது. கப் அளவில் சொன்னால் விளங்கும். என் விஷயத்தில் இரவுச் சோற்றைப் பாதியாக்கி, கீரையும் பருப்பும் கூட்டியதிலேயே எண் இறங்கியது.

எடை கூடுதலாக உள்ளவர்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. ஸ்காட்லாந்திலும் வடகிழக்கு இங்கிலாந்தின் டைன்சைடிலும் நடந்து 2017இல் வெளியான டைரக்ட் ஆய்வில், சில மாதம் குறைந்த கலோரி உணவில் இருந்து எடை குறைக்கும் திட்டத்தில் சேர்ந்தவர்களில் 46 சதவீதம் பேருக்கு ஓராண்டு முடிவில் மருந்தில்லாமலே சர்க்கரை கட்டுக்குள் இருந்தது. அதை அடிப்படையாக வைத்து என்.எச்.எஸ். ஓராண்டுத் திட்டம் ஒன்று நடத்துகிறது. முதல் 12 வாரம் வழக்கமான சாப்பாட்டுக்குப் பதிலாக நாளுக்கு 800 முதல் 900 கலோரிக்கான சூப், ஷேக் வகைகள். அவற்றையும் அவர்களே தருகிறார்கள். 18 முதல் 65 வயதுக்குள், கடந்த ஆறு ஆண்டில் நோய் கண்டறியப்பட்டிருந்து, பி.எம்.ஐ. தெற்காசியர்களுக்கு 25க்கு மேல் இருந்து, இன்சுலின் போடாதவராகவும் இருந்தால் கேட்டுப் பாருங்கள். மருந்துகளை அவர்கள் மேற்பார்வையில் மாற்ற வேண்டியிருக்கும் என்பதால் இதை வீட்டில் தானாகச் செய்யக் கூடாது.

கந்த சஷ்டி விரதமோ ரமலான் நோன்போ இருப்பவர்கள் ஆறேழு வாரம் முன்பே நர்ஸிடம் பேசுங்கள். விரதம் என்றால் திட்டுவார்களோ என்று மறைக்க வேண்டாம். மருந்து நேரத்தை மாற்றித் தரப் பழகியவர்கள் அவர்கள்.

ஸ்ட்ரிப், சென்சார், கார்

இன்சுலின் போடுபவர்களுக்கும், கிளிக்ளசைட் போலச் சர்க்கரையை இறக்கும் மாத்திரை எடுப்பவர்களுக்கும் விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப் கிடைக்கும். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் பொதுவாகத் தரமாட்டார்கள். முதல் வகை உள்ள பெரியவர்கள் எல்லோருக்கும் சர்க்கரையைத் தொடர்ந்து காட்டும், கையில் ஒட்டும் சென்சார் தர வேண்டும் என்பது 2022 முதல் இங்குள்ள வழிகாட்டுதல். இரண்டாம் வகையில் நாளுக்குப் பல முறை இன்சுலின் போடுபவர்களில் சிலருக்கும் உண்டு. பயன்படுத்திய ஊசிகளைப் போட்டு வைக்க மஞ்சள் டப்பாவும் சீட்டிலேயே கிடைக்கும். குப்பைத் தொட்டியில் வீசக் கூடாது.

சர்க்கரை 4க்குக் கீழே போனால் குளுக்கோஸ் மாத்திரையோ ஒரு சின்ன கிளாஸ் பழச்சாறோ உடனே எடுத்துக்கொண்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பால் சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும்.

இன்சுலின் போட்டுக்கொண்டு கார் ஓட்டுபவர்கள் ஓட்டுநர் உரிமத் துறையான டி.வி.எல்.ஏ.வுக்குத் தெரிவிப்பது சட்டப்படி கட்டாயம். தெரிவிக்காவிட்டால் 1,000 பவுண்டு வரை அபராதம். ஓட்டத் தொடங்குவதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்துக்குள் ஒரு முறையும், நீண்ட பயணத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையும் சர்க்கரையைப் பார்க்க வேண்டும். 5க்குக் குறைவாக இருந்தால் ஏதாவது சாப்பிட்ட பிறகே கிளம்புங்கள். 4க்குக் கீழே போயிருந்தால், சரியான பிறகும் 45 நிமிடம் காத்திருக்க வேண்டும். டாக்ஸி, டெலிவரி வேலை பார்ப்பவர்கள் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

உடம்பு முடியாத நாளில்

வாந்தி, பேதி, காய்ச்சல் என்று படுத்தால், சாப்பிடவில்லையே என்று இன்சுலினை நிறுத்தாதீர்கள். காய்ச்சலில் சர்க்கரை ஏறத்தான் செய்யும். மெட்ஃபார்மினையும், டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்றவற்றையும் உடம்பில் நீர் வற்றும் நாட்களில் தற்காலிகமாக நிறுத்தச் சொல்வார்கள். சர்ஜரியையோ 111ஐயோ கேட்டுச் செய்யுங்கள். கடும் தாகம், தொடர் வாந்தி, வயிற்று வலி, வேகமான மூச்சு, மூச்சில் பழ வாசனை இவை சேர்ந்து வந்தால் ஆம்புலன்ஸுக்கான 999, அல்லது மருத்துவமனையின் அவசரப் பிரிவு. யோசிக்க நேரம் இல்லை.

அம்மா அப்பாவை வருகையாளர் விசாவில் அழைத்து வருபவர்கள் கவனிக்க: ஜி.பி.யைப் பார்ப்பதும் அவசரப் பிரிவில் பார்ப்பதும் இலவசம்தான். ஆனால் படுக்கையில் சேர்த்துவிட்டால் பில் வரும், அதுவும் வழக்கமான விலையில் ஒன்றரை மடங்கு. சர்க்கரை நோயை மறைக்காமல் சொல்லிப் பயணக் காப்பீடு எடுத்து வாருங்கள்.

ஊருக்குப் போகும்போது

டிக்கெட் போட்டதும் சர்ஜரியில் தேதியைச் சொல்லிக் கூடுதல் மருந்து கேளுங்கள். பொதுவாக மூன்று மாதத்துக்கு மேல் தரமாட்டார்கள். இன்சுலினைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், சரக்குப் பெட்டியில் போட்டால் உறைந்துபோகலாம். நேர வித்தியாசம் நான்கரை அல்லது ஐந்தரை மணி என்பதால், ஊசி நேரத்தை எப்படி மாற்றுவது என்று நர்ஸிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஊரில் இருக்கும்போது இன்சுலின் தீர்ந்து கடையில் வாங்க நேர்ந்தால், குப்பியில் 40 என்று போட்டிருக்கிறதா 100 என்று போட்டிருக்கிறதா என்று படித்துப் பார்த்து, அதற்குரிய ஊசியையும் சேர்த்தே வாங்குங்கள்.